துப்பாக்கிச் சூட்டு எச்சம்: கையில் இருப்பதும் கை செய்ததும்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – பிரயோக வாசிப்பு



பூனாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பக்கங்களில் வாழும் உங்களுக்குக் கட்டுத்துவக்கு என்ற சொல் புதியதன்று. தேயிலை மலை முடிந்து காடும் மானாப்புல் பற்றையும் தொடங்கும் இடங்களில், காட்டுப்பன்றி நடமாடும் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டி, அக்கம்பியில் விலங்கின் கால் பட்டதும் வெடிக்குமாறு மறைத்து வைக்கப்படும் நாட்டுத் துவக்கே அது. இவ்வாறு கட்டுவது சட்டத்துக்கு முரணானது. ஆயினும் விறகுக்குச் சென்றவரும் மாட்டைத் தேடிச் சென்றவரும் அதில் கால் வைத்துக் காயமடைந்த செய்திகள் ஊவா மாகாணத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது பின்வரும் நிலைமையைக் கருதுக. இது பயிற்சிக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிலைமை. விடியற்காலையில் ஒருவர் கட்டுத்துவக்கு வெடித்து முழங்காலுக்குக் கீழே காயமடைகிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த அயல் லயத்து இளைஞர் ஒருவர் அவரைத் தோளில் சுமந்து வீதிக்குக் கொண்டுவந்து, லொறியொன்றில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். பின்னர் அந்த இளைஞரின் கைகள் சோதிக்கப்பட்டபோது வெடிமருந்தின் எச்சம் காணப்படுகிறது. இருவருக்கும் முன்பு சிறு சச்சரவு இருந்ததாக ஊரில் ஒரு பேச்சும் உண்டு. அப்படியானால் சுட்டது அந்த இளைஞரா?

"ஆம்" என்று எழுத வேண்டாம். "இல்லை" என்றும் அவசரப்பட வேண்டாம். அந்தச் சோதனையில் என்ன தாக்கம் நடந்தது, அது எந்தப் பதார்த்தத்தைக் காட்டியது, அப்பதார்த்தம் வேறு எங்கிருந்தெல்லாம் வந்திருக்கலாம் என்பவற்றை அறிந்த பின்னரே விடை எழுத முடியும். அதற்குத் தேவையான விஞ்ஞானத்தில் பெரும்பகுதி உங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒட்சியேற்றும் பதார்த்தங்கள், நிலைமாற்றம், அணுவெண், நைதரசன் வட்டம், மின்காந்த அலைகள் ஆகிய பகுதிகளை ஒருமுறை மீட்டிவிட்டு வாசித்தால் எளிதாக இருக்கும்.

ரவைக்குள் என்ன நடக்கிறது?

தொழிற்சாலையில் செய்யப்படும் ரவை ஒன்றில் நான்கு பகுதிகள் உண்டு. வெளியே பித்தளையாலான கூடு, முனையில் சன்னம், கூட்டினுள் உந்துமருந்து, அடியில் கேப்பு எனப்படும் சிறிய தீமூட்டி. துவக்கின் விசையை இழுத்ததும் ஓர் ஊசி வந்து கேப்பில் அடிக்கிறது. அடி பட்ட கேப்பு தீப்பற்ற, அத்தீ உந்துமருந்துக்குப் பரவுகிறது. உந்துமருந்து மிக விரைவாக எரிந்து வாயுவாக மாற, அவ்வாயுவின் அமுக்கம் சன்னத்தைக் குழாயினூடாக வெளியே தள்ளுகிறது.

நாம் தேடும் எச்சத்தில் முக்கியமானது அந்தச் சிறிய கேப்பிலிருந்தே வருகிறது. 20 ஆம் நூற்றாண்டில் பரவலான கேப்புகளில் மூன்று சேர்வைகள் இருந்தன. ஈய ஸ்ரிப்னேற்று என்பது அடி பட்டதும் வெடிக்கும் சேர்வை. பேரியம் நைத்திரேற்று ஒட்சிசனை வழங்கும் ஒட்சியேற்றும் பதார்த்தம். அந்திமனி சல்பைட்டு எரிபொருள். தகனத்துக்கு எரிபொருள், ஒட்சிசன், எரிபற்றும் வெப்பநிலை ஆகிய மூன்றும் வேண்டும் என்று படித்தீர்கள் அல்லவா? கேப்பினுள் காற்று நுழைய இடமில்லை. ஆகவே ஒட்சிசனை ஒரு திண்மத்தினுள் அடைத்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பேரியம் நைத்திரேற்றின் வேலை அதுதான்.

கேப்பு வெடிக்கும் கணத்தில் வெப்பநிலை மிக உயர்கிறது. ஈயம் 1749 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும் உலோகம். அந்த வெப்பத்தில் ஈயம், பேரியம், அந்திமனி ஆகிய மூன்றும் ஆவியாகி ஒன்றோடொன்று கலக்கின்றன. துவக்கின் இடைவெளிகளினூடாக வெளியே வந்த ஆவி குளிர்ந்த காற்றில் பட்டதும் நொடியின் சிறு பங்கினுள் ஒடுங்கித் திண்மமாகிறது. காற்றில் விழும் நீர்த்துளி ஏன் உருண்டையாகிறது என்பதை மேற்பரப்பிழுவையைக் கொண்டு விளக்குவோம். அதே காரணத்தால் இந்த உலோகத் துளிகளும் உருண்டையாகி, அந்நிலையிலேயே உறைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்கிரோமீற்றரின் பாதி முதல் 10 மைக்கிரோமீற்றர் வரை விட்டமுடையவை. ஒரு மில்லிமீற்றரில் 1000 மைக்கிரோமீற்றர் உண்டு என்பதை நினைவிற்கொண்டால், வெறுங்கண்ணால் இவற்றைக் காண முடியாதென்பது விளங்கும்.

மூன்று மூலகங்களும் ஒரே துணிக்கையில், உருண்டை வடிவில் இருப்பது. இந்த வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள்.

நாட்டுத் துவக்கின் கதை சற்று வேறு. அதில் பயன்படும் கரிமருந்து பொற்றாசியம் நைத்திரேற்று, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. அதன் எரிவை இவ்வாறு எளிமையாக எழுதலாம்:

பொற்றாசியம் நைத்திரேற்று + காபன் + கந்தகம் → பொற்றாசியம் சல்பைட்டு + காபனீரொட்சைட்டு + நைதரசன்

உண்மையில் பொற்றாசியம் காபனேற்று, பொற்றாசியம் சல்பேற்று போன்றவையும் உண்டாகின்றன. எனவே நாட்டுத் துவக்கு விட்டுச்செல்லும் எச்சத்தில் பொற்றாசியமும் கந்தகமும் முன்னிற்கும். தொழிற்சாலைக் கேப்பு இல்லாதபோது பேரியம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஈயச் சன்னங்கள் இருந்தால் ஈயம் இருக்கலாம். ஆகவே "ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் ஒரே துணிக்கையில் இல்லை, ஆகவே சூடு நடக்கவில்லை" என்று நமது மலையகச் சம்பவமொன்றில் எவரேனும் முடிவு கட்டினால் அது தவறான முடிவாகும். எந்தத் துவக்கு, எந்த மருந்து என்பதைக் கேட்காமல் எச்சத்தைத் தேட முடியாது.

நீல நிறத்தை நம்பிய காலம்

சூட்டு எச்சத்தைத் தேடும் முயற்சிகளுள் பெயர்பெற்றது பரபின் சோதனை. 1930களில் மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவிய இம்முறையில், உருக்கிய பரபின் மெழுகைச் சந்தேகநபரின் கையில் பூசுவர். மெழுகு இறுகும்போது தோலில் ஒட்டியிருந்த துணிக்கைகளையும் தன்னுடன் பிடித்துக்கொள்ளும். பின்னர் அதைக் கழற்றி, உட்பக்கத்தில் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்த இருபீனைலமீன் கரைசலைத் துளித்துளியாக இடுவர். உந்துமருந்திலிருந்து வந்த நைத்திரேற்று இருந்தால் கடும் நீல நிறப் புள்ளிகள் தோன்றும். செய்வது எளிது, செலவு குறைவு, நிறமோ கண்ணுக்கு முன்னே தெரியும். ஆகவே பொலிசாரும் நீதிமன்றங்களும் அதைப் பல ஆண்டுகள் நம்பியதில் வியப்பில்லை.

குறை எங்கே? இருபீனைலமீன் நைத்திரேற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நீலமாவதில்லை. அதை ஒட்சியேற்றக்கூடிய பல பதார்த்தங்கள் அதே நீலத்தைத் தருகின்றன. நைத்திரைற்றும் தரும், குளோரேற்றும் தரும். தீக்குச்சித் தலையில் இருப்பது பொற்றாசியம் குளோரேற்று. ஆகவே காலையில் அடுப்பு மூட்டிய அம்மாவின் விரலிலும் அந்த நீலம் தோன்றலாம். புகையிலை, சிறுநீர், பசளை ஆகியவை பட்ட கையிலும் தோன்றலாம்.

பசளை என்றதும் ஒரு கேள்வி எழ வேண்டும். தேயிலை மலையில் பெரும்பாலும் இடப்படுவது யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் அல்லவா? அவற்றில் நைத்திரேற்று இல்லையே? சரியான கேள்வி. யூரியா தனியே நைத்திரேற்றுச் சோதனைக்கு விடை தராது. ஆனால் நைதரசன் வட்டத்தை நினைவுகூருங்கள். மண்ணில் யூரியா அமோனியமாக மாற, அமோனியத்தை நைத்திரோசோமோனாசு பற்றீரியா நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரோபற்றர் பற்றீரியா நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பசளையிட்ட மண்ணில் நாள்முழுதும் வேலை செய்த கை, துவக்கைத் தொட்டே இராத கையாயினும், நைத்திரேற்று உள்ள கையே. தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் பரபின் சோதனை செய்து, நீலத்தைக் காட்டி, "இவர் சுட்டார்" என்று சொன்னால் என்ன நேரும் என எண்ணிப்பாருங்கள்.

இது வெறும் ஊகமன்று. 1963 நவம்பர் 22 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி டலஸ் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். கைதுசெய்யப்பட்ட லீ ஹார்வி ஒஸ்வால்டுக்குப் பரபின் சோதனை செய்யப்பட்டது. இரு கைகளிலும் நீலம் தோன்றியது. வலது கன்னத்தில் தோன்றவில்லை. கன்னத்தில் ஏன் பார்த்தார்கள் என்றால், நீண்ட துவக்கைச் சுடுபவர் அதைக் கன்னத்தோடு அணைத்துப் பிடிப்பார். சிலர் கையைக் காட்டி "அவர்தான்" என்றனர். சிலர் கன்னத்தைக் காட்டி "அவரல்லர்" என்றனர். விசாரித்த வொரன் ஆணைக்குழு தனது 1964 ஆம் ஆண்டு அறிக்கையில் இரு தரப்பாரின் வாதத்தையும் ஏற்கவில்லை. அச்சோதனையே நம்பத்தகாதது என்றது. அதற்கு ஆதாரமாக அமெரிக்க மத்தியப் புலனாய்வுப் பணியகத்தின் பரிசோதனைகள் எடுத்துக்காட்டப்பட்டன.

அவற்றை உங்கள் கட்டுப்பாட்டுப் பரிசோதனைப் பாடத்துடன் ஒப்பிட்டு வாசியுங்கள். ஒரு பரிசோதனையில் 17 பேர் கைத்துப்பாக்கியால் ஐந்து தடவை சுட்டனர். அவர்களுள் 8 பேருக்கு இரு கைகளிலும் எதுவும் தோன்றவில்லை. 3 பேருக்குச் சுடாத கையில் தோன்றி, சுட்ட கையில் தோன்றவில்லை. 2 பேருக்கு மாத்திரமே சுட்ட கையில் மட்டும் தோன்றியது. மிகுதி 4 பேருக்கு இரு கைகளிலும் தோன்றியது. இன்னொரு பரிசோதனையில் 29 பேர் பங்குபற்றினர். அவர்களுள் சுட்டவர் 9 பேர், சுடாதவர் 20 பேர். 29 பேருக்குமே ஒரு கையிலாவது நீலம் தோன்றியது! மேலும், கொலைக்குப் பயன்பட்ட அதே துவக்கை எடுத்து ஓர் அதிகாரி மூன்று தடவை சுட்டுப் பார்த்தார். அவரது கையிலும் கன்னத்திலும் எதுவும் தோன்றவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் சுடாத 20 பேரைச் சேர்த்தது ஏன் என்பதைச் சிந்தியுங்கள். அவர்களே கட்டுப்பாடு. அவர்களைச் சேர்க்காமல் சுட்ட 9 பேரை மட்டும் சோதித்திருந்தால், "ஒன்பதுக்கு ஒன்பது சரி, அருமையான சோதனை" என்றே எழுதியிருப்பார்கள்.

பேர்மிங்காம் ஆறுபேர்

நிறமாற்றத்தை அளவுக்கு மீறி நம்பியதால் மனிதரின் வாழ்க்கை பறிபோனதற்கு மிகத் தெளிவான உதாரணம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. அது துப்பாக்கிச் சூடு அன்று, குண்டுவெடிப்பு. எனினும் தேடிய எச்சமும் விட்ட பிழையும் நமது பாடத்துக்கு உறவானவை.

1974 நவம்பர் 21 ஆம் திகதி இரவு பேர்மிங்காம் நகரின் இரு மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். அன்றிரவே அயர்லாந்துக்குக் கப்பலேறவிருந்த ஐவர் துறைமுகத்தில் பிடிபட்டனர். ஆறாமவர் பேர்மிங்காமில் கைதானார். ஐவரின் கைகள் கிரீஸ் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. பீற்றர் கிரீஸ் என்ற இரசாயனவியலாளர் 19 ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த இச்சோதனை நைத்திரைற்று அயனுக்கு நிறம் தரும். சோதித்த விஞ்ஞானி, சிலரது கைகளில் நைத்திரோகிளிசரீன் என்னும் வெடிபொருள் இருந்ததாக மிக உறுதியாகச் சாட்சியம் அளித்தார். பொலிசார் பெற்ற ஒப்புதல் வாக்குமூலங்களும் அதனுடன் சேர, 1975 இல் அறுவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த ஐவரும் புகையிரதத்தில் வரும்போது சீட்டு விளையாடியிருந்தனர். சீட்டுக்கட்டின் பளபளப்பான பூச்சில் நைத்திரோசெலுலோசு இருக்கலாம். கிரீஸ் சோதனைக்கு அதுவும் விடை தரும். 1985 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்காகச் செய்யப்பட்ட பரிசோதனைகளில் இது எடுத்துக்காட்டப்பட்டது. வாக்குமூலங்களும் நம்பத்தகாதவை என்பது பின்னர் வெளிப்பட்டது. 1991 மார்ச் 14 ஆம் திகதி அறுவரும் விடுதலையானார்கள். பதினாறு ஆண்டுகள்! அவர்கள் சிறை சென்ற ஆண்டில் பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதை எட்டிவிட்டது.

நைத்திரோசெலுலோசு என்ற பெயரைக் கவனித்தீர்களா? இன்றைய ரவைகளின் புகையற்ற உந்துமருந்துக்கு அடிப்படையும் அதுவே. ஒரே சேர்வை ஒரு பக்கம் ரவைக்குள்ளும் மறுபக்கம் சீட்டுக்கட்டின் பூச்சிலும் இருக்கும்போது, சேர்வையைக் கண்டோம் என்பதிலிருந்து ரவையைக் கண்டோம் என்று பாய முடியாது.

இன்றைய முறை: ஒவ்வொரு துணிக்கையாகப் பார்த்தல்

கையிலுள்ள பதார்த்தம் முழுவதையும் கரைத்து நிறம் பார்ப்பதைவிட, ஒவ்வொரு துணிக்கையாகப் பார்ப்பது மேல் என்ற எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. அதற்கு உதவியது வருடு இலத்திரன் நுணுக்குக்காட்டி.

மாதிரி எடுக்கும் விதம் எளிமையானது. ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய அலுமினிய வட்டொன்றின்மேல் ஒட்டும் தன்மையுள்ள காபன் நாடா பதிக்கப்பட்டிருக்கும். அதைச் சந்தேகநபரின் கையில், முக்கியமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பகுதியிலும் புறங்கையிலும் பல தடவை ஒற்றி எடுப்பர். ஏன் காபன்? காபனின் அணுவெண் 6. ஈயத்தின் அணுவெண் 82, பேரியத்தினுடையது 56, அந்திமனியினுடையது 51. இலத்திரன் கற்றை மாதிரியின்மேல் பட்டுப் பின்னோக்கிச் சிதறும்போது, அணுவெண் கூடிய மூலகங்கள் கூடுதலான இலத்திரன்களைச் சிதறச் செய்கின்றன. ஆகவே இருண்ட காபன் பின்னணியில் பார உலோகத் துணிக்கைகள் இராவானத்து நட்சத்திரங்கள்போல ஒளிர்கின்றன. கணினி அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும்.

பிடித்த துணிக்கை எந்த மூலகம் என்று அறிவது எப்படி? அதிவேக இலத்திரன் அணுவின் உள் ஓட்டிலிருந்து ஓர் இலத்திரனை வெளியேற்றுகிறது. அந்த வெற்றிடத்துக்கு வெளி ஓட்டிலிருந்து ஓர் இலத்திரன் இறங்கும்போது, சக்தி வித்தியாசம் எக்ஸ் கதிராக வெளிவருகிறது. அதன் சக்தி மூலகத்துக்கு மூலகம் வேறுபடும். அந்திமனி ஏறத்தாழ 3.6, பேரியம் 4.5, ஈயம் 10.6 கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தியுள்ள கதிர்களைத் தருகின்றன. இங்கும் ஒரு பொறி உண்டு. தைத்தேனியம் தரும் கதிரின் சக்தியும் ஏறத்தாழ 4.5 தான். வெள்ளை நிறத் தீந்தைகளில் தைத்தேனியம் தாராளமாக உண்டு. ஆகவே அனுபவமுள்ள பகுப்பாய்வாளர் ஓர் உச்சியை மட்டும் பார்த்துப் பேரியம் என எழுதமாட்டார்; பேரியத்தின் ஏனைய உச்சிகளும் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்.

பரபின் சோதனையுடன் ஒப்பிட்டால் இம்முறை எவ்வளவோ மேலானது. அடுப்பு மூட்டிய கையிலும் பசளை இட்ட கையிலும் ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் சேர்ந்த உருண்டைத் துணிக்கை வராது. ஆனாலும் முழுமையான முறை என்று எண்ணிவிடாதீர்கள். பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறி இறங்கும் பஸ் வண்டி வளைவுக்கு வளைவு தடுப்பை அழுத்துகிறது. தடுப்புப் பட்டைகளில் பேரியம் சல்பேற்றும் அந்திமனி சல்பைட்டும் சேர்க்கப்படுவதுண்டு. சில வாகனங்களின் தடுப்புப் பட்டைகளிலிருந்து ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் அடங்கிய துணிக்கைகள் வரலாம் என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்டனர். அவற்றில் இரும்பு கூடுதலாக இருப்பதும், வடிவம் ஒழுங்கற்றிருப்பதும் வேறுபடுத்த உதவுகின்றன. வாணவெடிகளிலும் பேரியமும் அந்திமனியும் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் எடுத்த மாதிரியென்றால் அதையும் கேட்க வேண்டும். இதற்கு மறுபுறமாக, ஈயமே இல்லாத கேப்புகளும் இப்போது செய்யப்படுகின்றன. அவற்றின் எச்சத்தில் தைத்தேனியமும் நாகமும் இருக்கும். பழைய மூவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

நேரமும் பெரிய எதிரி. உயிரோடு நடமாடும் ஒருவரின் கையிலிருந்து பெரும்பாலான துணிக்கைகள் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தினுள் உதிர்ந்துவிடும். சவர்க்காரமிட்டுக் கழுவினால் அதற்கு முன்னரே போய்விடும். உடைகளில் அதைவிட நீண்ட நேரம் தங்கும். தோட்டத்திலிருந்து தகவல் போய், பொலிசார் மலையேறி வருவதற்குள் அரைநாள் கழிந்துவிட்டால், "எச்சம் இல்லை" என்ற அறிக்கை எவரையும் சுற்றவாளியாக்காது. இறந்தவரின் கைகளைப் பாதுகாக்கக் கடதாசிப் பையையே கட்டுவர். பொலித்தீன் பையினுள் ஈரம் ஒடுங்கித் துணிக்கைகளைக் கழுவிவிடும் என்பதே காரணம். நமது நாட்டில் இவ்வாறான மாதிரிகள் பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றன. காயங்களைப் பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி.

தூரத்தைக் கூறும் எச்சம்

"யார்" என்ற கேள்வியைவிட "எவ்வளவு தூரத்திலிருந்து" என்ற கேள்விக்கு எச்சம் நம்பிக்கையான விடை தரும் என்பது என் கருத்து. குழாய்வாயிலிலிருந்து புகைக்கரி, எரியாத உந்துமருந்து மணிகள், சன்னம் ஆகியவை ஒன்றாகவே புறப்படுகின்றன. இலேசான புகைக்கரி காற்றுத்தடையால் விரைவில் நின்றுவிடும். மணிகள் சற்றுக் கூடுதலான தூரம் செல்லும். சன்னம் வெகுதூரம் செல்லும். ஆகவே தோலில் கருமை இருந்தால் மிக அருகிலிருந்து சுடப்பட்டிருக்கிறது. கருமை இல்லாமல், பச்சை குத்தியதுபோன்ற புள்ளிகள் மட்டும் இருந்தால் சற்று அப்பாலிருந்து. இரண்டும் இல்லையெனில் இன்னும் தொலைவிலிருந்து. கைத்துப்பாக்கிக்குக் கருமை சில பத்துச் சென்ரிமீற்றர்களுக்குள்ளும், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு மீற்றருக்குள்ளும் அடங்கும். துவக்குக்குத் துவக்கு இது மாறுவதால், அதே துவக்கையும் அதேவகை ரவையையும் கொண்டு வெவ்வேறு தூரங்களிலிருந்து துணியில் சுட்டு ஒப்பிடுவர்.

துணியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்தைக் காண சோடியம் உரொடிசோனேற்று என்னும் சேர்வை பயன்படுகிறது. அது ஈயத்துடன் சிவப்பு நிறம் தரும். பின்னர் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் விசிறினால் நீல ஊதாவாக மாறும். மேலே பழிக்கப்பட்ட கிரீஸ் சோதனையும் இங்கே பயன்படுகிறது என்பதைக் கவனிக்குக. துளையைச் சுற்றி நைத்திரைற்று எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்ட அது நல்ல சோதனை. சோதனை அதுவே, கேட்ட கேள்விதான் வேறு.

தமிழகத்தில் 1967 ஜனவரி 12 ஆம் திகதி எம்.ஜி.ஆரின் இல்லத்தில் நடந்த சூட்டில் எம்.ஜி.ஆரும் எம். ஆர். ராதாவும் இருவருமே காயமடைந்தனர். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளியாகக் கண்டது. ஒரே அறையில் இருவர் காயமடையும் இத்தகைய வழக்கு எதிலும் கையிலுள்ள எச்சம் மட்டும் போதாது. அறையில் இருந்த எல்லோர்மீதும் அது படியும். காயத்தின் திசை, தூரம், சன்னம் எந்தத் துவக்கிலிருந்து வந்தது என்பனவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு துணிக்கையின் எடை

1999 ஏப்ரல் 26 ஆம் திகதி பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஜில் டான்டோ இலண்டனில் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டுக்குப் பின்னர் பரி ஜோர்ஜ் என்பவர் கைதானார். அவரது மேலங்கிப் பையில் ஒரேயொரு சூட்டு எச்சத் துணிக்கை கிடைத்தது. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ நூறிலொரு பங்கு. 2001 இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. மறுவிசாரணையில், 2008 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, அவர் சுற்றவாளியென விடுதலையானார்.

இங்கே பகுப்பாய்வு பிழைக்கவில்லை. அத்துணிக்கை உண்மையிலேயே சூட்டு எச்ச வகையைச் சேர்ந்ததுதான். பிழைத்தது அடுத்த படி. அவர் சுட்டிருந்தால் ஓராண்டின் பின் ஒரு துணிக்கை மட்டும் எஞ்சியிருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு? அவர் சுடாமலே வேறு எங்கிருந்தோ ஒரு துணிக்கை ஒட்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு? இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதே பின்னர் விஞ்ஞானிகள் கொடுத்த விளக்கம். இரு தட்டுகளிலும் சமமாக விழும் எடை தராசைச் சாய்க்காது.

இனி, தொடக்கத்தில் விட்டுவந்த இளைஞரிடம் திரும்புவோம். கட்டுத்துவக்கை எவரும் கையில் பிடித்துச் சுடுவதில்லை; கம்பியில் கால் பட்டதும் அது தானாக வெடிக்கிறது. அதைக் கட்டியவர் முந்தைய மாலையே கட்டிவிட்டு வீட்டில் உறங்கியிருக்கலாம். வெடித்த வேளையில் அருகில் இல்லாதவரின் கையில் அந்த வெடிப்பின் எச்சம் படியாது. மருந்து நிரப்பும்போது பட்ட தூள் இருந்தாலும் இரவுக்குள் கழுவப்பட்டிருக்கும். ஆனால் காயமடைந்தவரின் கால், உடை, காயம் ஆகியவற்றில் எச்சம் நிறைய இருக்கும். அவரைத் தோளில் சுமந்தவரின் கைகளில் அது ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆகவே அந்த அறிக்கையின்படி நாம் எழுதக்கூடியது, "இந்தக் கைகள் வெடிமருந்து எச்சம் உள்ள ஏதோ ஒன்றைத் தொட்டுள்ளன" என்பது மட்டுமே. துவக்கைக் கட்டியவரைத் தேட வேண்டுமாயின் கம்பி, முடிச்சு, குழாய், அதைக் கட்டிய மரம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. சந்தேகநபரின் கையிலிருந்து எடுத்த மாதிரி இருபீனைலமீனுடன் நீல நிறம் தந்தது. பின்வருவனவற்றுள் அவதானம் எது, முடிவு எது, ஏற்க முடியாத முடிவு எது எனப் பிரித்துக் காட்டுக: நீல நிறம் தோன்றியது, மாதிரியில் ஒட்சியேற்றும் பதார்த்தம் உண்டு, அவர் துப்பாக்கியால் சுட்டார்.

2. கேப்பினுள் பேரியம் நைத்திரேற்று சேர்க்கப்படுவதன் காரணத்தைத் தகனத்துக்குத் தேவையான காரணிகளைக் கொண்டு விளக்குக. கரிமருந்தில் அதே வேலையைச் செய்யும் சேர்வை எது?

3. தேயிலைச் செடிகளுக்கு யூரியா இட்டுவந்த தொழிலாளி ஒருவரின் மண் படிந்த கையில் நைத்திரேற்று காணப்பட்டது. யூரியாவில் நைத்திரேற்று இல்லாதிருந்தும் இது எவ்வாறு நிகழலாம்? சம்பந்தப்பட்ட பற்றீரியாக்களின் பெயர்களைக் குறிப்பிடுக.

4. 29 பேரில் செய்யப்பட்ட பரிசோதனையில் சுடாத 20 பேரும் நீக்கப்பட்டிருந்தால் பெறப்பட்டிருக்கும் முடிவு யாது? அது ஏன் பிழையானது?

5. மாதிரி எடுக்க வந்த உத்தியோகத்தர் அன்று காலை துப்பாக்கிப் பயிற்சிக்குச் சென்றிருந்தார். சந்தேகநபரின் கையை ஒற்றுவதற்கு முன் அவர் செய்ய வேண்டியவை இரண்டு எழுதுக.

குறிப்பு: ஐந்தாம் வினாவுக்கு "கையைக் கழுவ வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பாதிப் புள்ளியே கிடைக்கும். புதிய கையுறை அணிவதும், பயன்படுத்தாத வட்டொன்றால் தமது கையுறை அணிந்த கையை ஒற்றி அதையும் கட்டுப்பாட்டு மாதிரியாக அனுப்புவதும் எதிர்பார்க்கப்படும் விடைகள். அந்த மாதிரியில் துணிக்கை இருந்தால், சந்தேகநபரின் மாதிரியை என்ன செய்வது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.